தொண்ணூற்றொன்பது கிலோ அறுநூறு கிராம்

அத்தியாயம் 11

பத்து வாரங்களுக்கு முன்னால் எடை குறைப்பதற்காக, அக்கா தங்கை இருவரில் மூத்தவளின் இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்தார்கள் என்பதும், அதே மயக்கத்தில் தொப்புளுக்குக் கீழே நெடுநாளாகப் புடைத்துக்கொண்டிருந்த குடலிறக்கத்துக்கும் வலை வைத்துத் தைத்தார்கள் என்பதும் தொடர்ந்து வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றுதான் வந்து உட்காருகிறவர்களுக்கு இவ்வளவு போதும்: இரைப்பை வேலை குறையில்லாமல் முடிந்தது. கீழே போட்ட தையல்தான் மூடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

இரண்டு அங்குல நீளம். விரல் நகம் புதையும் ஆழம். தினமும் கட்டை மாற்றும்போது பஞ்சு ஈரமாகத்தான் வருகிறது. இன்று பதினொரு மணிக்கு சர்ஜன் பார்த்துவிட்டு, அது தானாக ஆறுமா அல்லது மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டுமா என்று சொல்லப்போகிறார்.

காலை ஆறரை மணிக்கு அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. பேச்செல்லாம் எடையைப் பற்றித்தான்.

"ஏறு, ஏறு. செருப்பைக் கழட்டிட்டு ஏறு" என்றார் அவள் கணவர்.

அவருக்குச் சரக்குக் கிடங்கின் எடைமேடையில் வேலை. லாரி வந்து ஏறும், இவர் எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பார், லாரி இறங்கிப் போகும். இருபத்தாறு வருஷமாக இதே பிழைப்பு. அந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும். வீட்டுத் தராசு நூறு கிராமைக்கூடக் காட்டுகிறதே என்று அவருக்கு அதன்மேல் தனி மரியாதை. தினமும் முதலில் ஐந்து கிலோ எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் மனைவியை ஏற்றுவார். உலகத்தில் எத்தனையோ புருஷன்மார் உண்டு. பெண்டாட்டியை நிறுக்கும் முன்னால் தராசுக்குப் பரீட்சை வைக்கிறவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

எண்கள் ஓடி நின்றன.

"தொண்ணூத்தொம்பது அறுநூறு!"

"கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருங்க."

"துடைச்சிட்டேன், துடைச்சிட்டேன். ரெண்டு இலக்கம்! நூத்தி இருபத்தெட்டுல ஆரம்பிச்சோம். பத்தே வாரம்!"

'ஆரம்பிச்சோம்' என்கிறார், பாருங்கள். கத்தி பட்டது என்னவோ அவள் வயிற்றில்தான்.

ஆனால் மூத்தவளுக்கு அந்த 'சோம்' பிடித்திருந்தது. அவர் தோளைப் பிடித்து அவளை இறக்கிவிட்டார். சின்னச் சீட்டில் தேதியும் எடையும் எழுதி, கையெழுத்தும் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். எழுபது சீட்டுகளுக்குப் பக்கம் அங்கே ஏற்கெனவே ஒட்டியிருந்தன.

பிறகு அவள் அடுப்படிக்குப் போய் அவருக்கு ஓட்ஸ் கஞ்சி வைத்தாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து புரதப்பொடி டப்பாவை எடுத்து, குவித்து இரண்டு கரண்டி போட்டு, கட்டி தட்டாமல் கலக்கினாள். ஆபரேஷன் செய்துகொண்டவள் குடிக்க வேண்டிய பொடி அது. ஏழு வாரமாக அது அவர் வயிற்றுக்குள்தான் போய்க்கொண்டிருக்கிறது.

இதை அவள் திட்டம்போட்டுச் செய்யவில்லை. மூன்றாவது வாரத்தில் அந்தப் பொடியின் தித்திப்பு வாசனை மூக்கில் ஏறினாலே குமட்டியது. ஒரு வாய் உள்ளே போனால் இரண்டு வாய் வெளியே வந்தது. சரி, கொட்டிவிடலாம் என்றால் கை வரவில்லை. இருநூறு மாணவிகள் இருக்கும் விடுதியில் பதினெட்டு வருஷமாகத் தலைமைச் சமையல்காரி அவள். சாப்பாட்டுப் பொருளைத் தொட்டியில் ஊற்றினால் யாராக இருந்தாலும் அன்றைக்கு அவர்களைச் சும்மா விடமாட்டாள். அப்படிப்பட்டவள் தன் கையால் எப்படிக் கொட்டுவாள்? அவர் கஞ்சியில் கலந்தாள். அவரோ, "இப்பல்லாம் கஞ்சி நல்லா கெட்டியா இருக்கு" என்று சப்புக்கொட்டினார்.

டப்பாவும் நாள் கணக்குப்படி காலியாகிக்கொண்டு வந்தது. எடைச் சீட்டும் இறங்கிக்கொண்டு வந்தது. எடைமேடைக்காரருக்கு இரண்டும் சரியாக இருந்ததால் மூன்றாவதாக ஒன்றைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஐந்தாவது வாரத்தில் குமட்டல் நின்றுவிட்டது. அப்போதாவது அவள் குடிக்க ஆரம்பித்திருக்கலாம். ஆரம்பிக்கவில்லை. சாப்பிட்டால் எடை திரும்ப ஏறிவிடுமோ என்ற பயம் அதற்குள் அவளைப் பிடித்துக்கொண்டது.

"மாத்திரை போட்டியா?"

"போட்டாச்சு."

இரும்புச்சத்து, கால்சியம், துத்தநாகம், வைட்டமின் என்று எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி, பால் டீயோடு ஒரே மடக்கில் விழுங்கிவிட்டாள். சமையல்காரி கை. எதையும் ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும்.

*

மருத்துவமனை வாசலில் இளையவள் காத்திருந்தாள். மூத்தவளுக்கு ஆறு வயது சின்னவள். பார்சல் பிரிக்கும் கூடத்தில் வேலை. அக்கா கரைவதைப் பார்த்துப் பார்த்து, தானும் அதே ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். இன்று அவளுக்கும் முன்பரிசோதனை.

"அக்கா! என்ன இப்படி ஆயிட்டே! பின்னாடியிருந்து பார்த்தா காலேஜ் பொண்ணு மாதிரி இருக்கே!"

"முன்னாடி வந்து பாரு, தெரியும்" என்றாள் மூத்தவள்.

"ரெண்டு இலக்கம்" என்றார் அவர், மைத்துனிக்கு இனிப்புப் பொட்டலம் நீட்டுகிற முகத்தோடு.

"நிஜமாவா மாமா? அப்ப நானும் அடுத்த வருஷத்துக்குள்ள வந்துருவேன்!"

புண் ஆறவில்லை என்பது இளையவளுக்குத் தெரியாது. லேசாக நீர் கசிகிறது, அவ்வளவுதான் என்று மூத்தவள் போனிலேயே சொல்லி முடித்துவிட்டாள். எடையைச் சொன்னால் கொண்டாடுகிறார்கள், புண்ணைச் சொன்னால் புத்தி சொல்கிறார்கள். யாராக இருந்தாலும் எதைச் சொல்வார்கள்?

இளையவள் அவள் வரிசைக்குப் போனாள். இவர்கள் இருவரும் உள்ளே போனார்கள்.

நர்ஸ் கட்டைப் பிரித்தார். பஞ்சு ஈரமாகவே வந்தது. அவர் சின்ன அளவுகோலை வைத்து அளந்தார். போன முறை எவ்வளவோ அவ்வளவேதான் இருந்தது.

பக்கத்து மேஜையில் டயட்டீஷியன் கையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். "நேத்து காலைலேருந்து என்னென்ன சாப்பிட்டீங்க? வரிசையா சொல்லுங்கம்மா" என்றாள்.

மூத்தவள் வாயைத் திறக்கும் முன்னால் கணவர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் கரெக்டா போயிட்டிருக்கு மேடம். ஒரு டப்பா பதினாலு நாள்னு சொன்னீங்க. நாலு முடிஞ்சு அஞ்சாவது ஓடுது. நானே தேதி போட்டு வெச்சிருக்கேன்."

"முட்டை, பருப்பு, தயிர், மீன்?"

"அதுவும்தான்" என்றாள் மூத்தவள்.

நேற்று முழுவதும் அவள் உள்ளே தள்ளியது இரண்டு டீ, ஒரு பிஸ்கெட், விடுதியில் உப்புப் பார்க்க நாக்கில் வைத்த ஐந்தாறு சொட்டுக் குழம்பு. டயட்டீஷியன் 'புரதம் போதுமான அளவு' என்று எழுதுவதை அவள் தலைகீழாகவே படித்தாள்.

சர்ஜன் வந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார், புண்ணைப் பார்த்தார், மறுபடியும் ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"ரத்தத்துல புரதம் ரொம்பக் குறைவா இருக்கு. ஸ்கேன்ல தெளிவா ஒண்ணும் தெரியல. இவ்வளவு சாப்பிட்டும் இப்படி இருக்குன்னா, எனக்கு உள்ள வெச்ச வலை மேலதான் சந்தேகம். அதுல கிருமி உக்காந்திருக்கலாம். அப்படி இருந்தா நீங்க என்ன சாப்பிட்டாலும் புண் ஆறாது."

"அதுக்கு?" என்றார் கணவர்.

"திறந்து வலையை எடுத்துடணும். வியாழக்கிழமை தியேட்டர்ல ஒரு இடம் இருக்கு. குடலிறக்கம் திரும்ப வரும். அதை ஒரு வருஷம் கழிச்சு பார்த்துக்கலாம்."

சம்மதப் படிவம் மேஜைக்கு வந்தது. அவள் போட வேண்டிய இடத்திலும் அவர் போட வேண்டிய இடத்திலும் நர்ஸ் பெருக்கல் குறி போட்டு வைத்தார். கணவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். படிவத்தை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தார். இருபத்தாறு வருஷமாகச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர் அப்படித் தயங்கி அவள் பார்த்ததில்லை.

வலை ஒரு பாவமும் செய்யவில்லை என்று அந்த அறையில் மூத்தவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொன்னால் வெட்கம். சொல்லாவிட்டால் கத்தி. ஒரு நிமிஷம், கத்தியே பரவாயில்லை என்றுகூட அவளுக்குத் தோன்றியது. மயக்கம் கொடுத்துவிடுவார்கள், தெரியாது. வெட்கத்துக்கு யாரும் மயக்கம் கொடுப்பதில்லை.

அவர் பேனா மூடியைக் கழற்றினார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள். "டாக்டர், அந்தப் பொடியை நான் சாப்பிடல."

"பின்ன நாலு டப்பா?"

அவள் முகவாயால் பக்கத்தில் காட்டினாள். "இவர்தான் சாப்பிட்டாரு. கஞ்சில கலந்து குடுத்தேன். ஏழு வாரமா."

அறையில் இருந்த எல்லோருடைய பார்வையும் ஒரே நேரத்தில் அவர் வயிற்றுக்குப் போனது. அவர் சட்டையின் மூன்றாவது பொத்தான் கொஞ்ச நாளாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அவரும் குனிந்து பார்த்தார்.

"சார்" என்றார் சர்ஜன், "உங்களுக்கு உடம்புல எங்கயாவது புண் இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"இருந்திருந்தா இந்நேரம் ஆறியிருக்கும்."

டயட்டீஷியன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூத்தவளுக்குச் சிரிப்பும் வந்தது, அதற்கு முன்னால் கண்ணீரும் வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். குமட்டல், பிஸ்கெட், உப்புப் பார்த்த குழம்பு, ஒரே மடக்கு மாத்திரை, ஒன்று விடவில்லை.

சர்ஜன் திட்டவில்லை. படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நல்ல வேளை சொன்னீங்க. ரெண்டு வாரம் தரேன். காய்ச்சல் வந்தாலோ, சுத்திச் சிவந்தாலோ உடனே வரணும். இல்லேன்னா ரெண்டு வாரம் ஒழுங்கா சாப்பிட்டுட்டு வாங்க. அப்பவும் மூடலைன்னா வலையைப் பார்ப்போம்."

சர்ஜன் போனதும் டயட்டீஷியன் தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தாள்.

"அம்மா, எடை இறங்கறது எல்லாமே கொழுப்பு இல்ல. புரதம் உள்ள வரலைன்னா உடம்பு உங்க தசையையே கரைச்சு எடுத்துக்கும். முதல்ல உசுரு ஓடற வேலையைப் பார்க்கும். புண்ணு கடைசி வரிசைலதான் நிக்கும். இப்ப உங்களுக்கு ஒரு நாளைக்கு எண்பது, தொண்ணூறு கிராம் புரதம் வேணும்."

"அந்தத் தித்திப்புப் பொடியை என்னால முடியாதும்மா."

"வாசனை இல்லாத பொடி இருக்கு. பருப்புல, சூப்புல கலந்துடுங்க. ஆறு வேளையா பிரிச்சுக்கோங்க. தட்டுல இருக்கற முட்டை, மீன், தயிரை முதல்ல சாப்பிடணும். மத்தது வயித்துல இடமிருந்தா. சாப்பிடும்போது தண்ணி வேணாம், அரை மணி கழிச்சுக் குடிங்க."

"மாத்திரை?"

"இரும்பும் கால்சியமும் ஒண்ணா போனா ஒண்ணை ஒண்ணு உள்ள விடாது. டீயும் இரும்பைத் தடுக்கும். ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. வைட்டமின் சி புண்ணுக்கு நல்லது, இரும்போட சேர்த்துப் போடலாம். துத்தநாகம் எழுதின அளவுதான். சீக்கிரம் ஆறட்டும்னு ரெண்டு மடங்கு போட்டீங்கன்னா வேற சத்து குறைஞ்சு போகும்."

மூத்தவள் தலையைத் தலையை ஆட்டினாள். இருநூறு பேருக்கு அளவு பார்த்துப் போடுகிறவளுக்கு ஒரு வயிற்றுக்கு அளவு சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அவளுக்கே அது உறைத்தது.

*

மறுபடியும் ரத்தம் எடுக்க வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அவர் வாயே திறக்கவில்லை. எதிர்ச் சுவரில் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்தது. அதைத்தான் பின்பற்றுகிறாரோ என்று தோன்றும் அளவுக்கு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவமா?" என்றாள்.

"கிளம்பின இடத்துல இருபது டன். என் மேடைக்கு வரும்போது பத்தொம்பதரைன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"ஓரங்கட்டச் சொல்லுவீங்க."

"ஓரங்கட்டி, தார்ப்பாயை அவுக்கச் சொல்லுவேன். வழில எங்கயோ சரக்கு இறங்கியிருக்குன்னு அர்த்தம். எந்த டிரைவர்கிட்டயும் எடை குறைஞ்சிருச்சுன்னு நான் கைகுலுக்கினதில்ல. வீட்டுல மட்டும் தினமும் கைதட்டிட்டு நின்னிருக்கேன்."

அவள் கையிலிருந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை இரண்டாக மடித்தாள்.

"குமட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுருவேன்? ஏன் சொல்லல?"

அவள் மடித்த சீட்டைத் திரும்பப் பிரித்தாள். இதைச் சொல்லவா வேண்டாமா என்று யோசித்தாள். உள்ளே ஒன்றைச் சொல்லியாயிற்று, இதையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"நூத்தி இருபத்தெட்டா இருந்தப்ப நீங்க காலைல எழுந்து குளிச்சிட்டுக் கிளம்பிப் போயிட்டே இருப்பீங்க. என் பக்கம் திரும்பக்கூட மாட்டீங்க. இந்தப் பத்து வாரமாத்தான் தினமும் காலைல என் பக்கத்துல வந்து நிக்கறீங்க. தோளைப் பிடிக்கறீங்க. எடை ஏறினா அது நின்னுடுமோன்னு பயந்தேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். பிறகு கண்ணாடி போடாமலே அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி ஓடிப்போன இருபத்திரண்டு வருஷத்துக்கு அவர் சொன்ன பதில் அதுதான். அவளுக்கு அது போதவில்லை. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அக்கா!"

தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து இளையவள் ஏறக்குறைய ஓடி வந்தாள். பாதி வழியில் சுவரைப் பிடித்து ஒரு நிமிஷம் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் வந்தாள்.

"எனக்குத் தேதி குடுத்துட்டாங்க! ரெண்டு மாசம் ஆகும்னாங்கல்ல? யாரோ வியாழக்கிழமை வரலையாம். அந்த இடத்தை எனக்குக் குடுத்துட்டாங்க!"

மூத்தவளும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வராத அந்த 'யாரோ' பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.

*

மூன்று பேருமாக வீட்டுக்கு வந்தார்கள். வழியெல்லாம் இளையவள்தான் பேசினாள். லீவு எத்தனை நாள் கேட்பது, எந்த உடுப்பை யாருக்குக் கொடுப்பது என்று எல்லாம் தயாராக வைத்திருந்தாள்.

மதியம் மூத்தவள் இரண்டு முட்டையை மிருதுவாகக் கிளறி, தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு முட்டை முடியவே இருபது நிமிஷம் ஆனது. ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மென்றாள். அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தட்டைத்தான் பார்த்தார், கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"நீயும் சாப்பிடு" என்று இளையவள் பக்கம் தட்டை நகர்த்தினாள்.

"வேணாம்க்கா, பசியில்ல."

மூத்தவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டாள். "உள்ள வா, ஒண்ணு காட்டணும்" என்றாள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மேல்சட்டையைத் தூக்கி, கட்டின் ஒரு பக்கத்து ஒட்டுப்பட்டையை மெதுவாக உரித்தாள். இளையவள் குனிந்து பார்த்தாள். சிவந்து, ஓரம் வெளுத்து, ஈரமாக அது திறந்துகிடந்தது. அவள் மூக்கைப் பொத்தப் போய், பாதியில் கையை இறக்கிக்கொண்டாள்.

"லேசா கசியுதுன்னு சொன்னே?"

"பொய் சொன்னேன்."

"பத்து வாரமாவா இப்படி இருக்கு? ஏன் ஆறல?"

"நான் சாப்பிடலடி. எடை இறங்கற சந்தோஷத்துல சாப்பிடாமயே இருந்துட்டேன். தைச்ச இடம் சேர்றதுக்கு உடம்புல சரக்கே இல்ல. இதைப் பார்த்துட்டு, இதைப் புரிஞ்சுக்கிட்டு, அப்புறம் வியாழக்கிழமை போ. ஆபரேஷன் வேணாம்னு நான் சொல்லல. ஆனா முன்னாடியும் பின்னாடியும் ஒழுங்கா சாப்பிடணும். தெரியுதா?"

இளையவள் கட்டிலின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"என்னடி?"

"நான் மூணு வாரமா சாப்பிடலக்கா."

"என்னது?"

"காலைல ஒரு டீ. சாயங்காலம் ரெண்டு பிஸ்கெட். இப்பவே கொஞ்சம் இறக்கிட்டா அப்புறம் மளமளன்னு இறங்கும், பசியை அடக்கப் பழகிக்கோன்னு நீதானே போன்ல சொன்னே?"

சொன்னாள்தான். அன்றைக்கு நூற்று ஐந்துக்கு இறங்கியிருந்தாள். கொண்டாட்டத்தில் சொன்னாள்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"கேட்டாங்க. நல்லா சாப்பிடறேன்னு சொன்னேன்." இளையவள் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "நீயும் அப்படித்தானே சொல்லிட்டிருந்தே?"

மூத்தவள் தூக்கிய சட்டையை இறக்க மறந்து நின்றாள். வியாழக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள்தான் இருந்தது.